எறும்பு ஊர நஷ்டமும் தேயும்

பி.காம். படித்தவனிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள். நஷ்டத்தைப் பற்றி மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். லேசில் விடமாட்டான். மூன்று வருஷம் அதைத்தான் படித்திருக்கிறான், பாவம்.

எங்கள் சாஸ்திரப்படி நஷ்டம் இரண்டு வகை. நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ். டாங்கரில் வரும் பெட்ரோல் கொஞ்சம் ஆவியாகிப் போனால் அது நார்மல். டாங்கரே கவிழ்ந்தால் அப்நார்மல். இரண்டாவதற்குத்தான் ஊர் கூடும், விசாரணை நடக்கும், யாருக்காவது மெமோ போகும். முதலாவதற்கு ஒருத்தரும் அழுவதில்லை. அந்த நஷ்டத்தை மிச்சச் சரக்கின் விலையில் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவார்கள்.

இந்த நார்மல் லாஸ் ராஜ்யத்தின் மகாராஜா உங்கள் தலைக்கு மேலேயே கம்பியில் ஓடிக்கொண்டிருக்கிறார். பெயர் கரண்ட்.

மின்நிலையத்திலிருந்து நூறு யூனிட் புறப்பட்டால் நூறும் காசாவதில்லை. இந்தியா முழுமைக்குமான கணக்கில் 2020-21ல் நூற்றுக்கு 22 யூனிட்டுக்கு மேல் காசாகாமல் போயிற்று. 2022-23ல் அது 15 சொச்சத்துக்கு இறங்கியது. இதில் கொக்கி போட்டு இழுத்தவர், பில் கட்டாதவர், மீட்டரே இல்லாதவர் எல்லாரும் அடக்கம். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு பெரிய தொகை பாக்கி நிற்கும். அதை யாரும் திருடவில்லை. கம்பியைச் சூடாக்குவதிலேயே செலவாகிவிட்டது. ஊருக்கு வெளிச்சம் கொண்டுவரப் போன கரண்ட், வழியில் காக்காயின் காலுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு வருகிறது.

இந்த விஷயத்தையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவன் என் மனைவியின் தம்பி. சேலம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிகல் வாத்தியார். கூடவே பிஎச்.டி. தலைப்பு, எறும்பு.

இதனால் என் மாமியார் படும் அவஸ்தை தனிக் கதை. பெண் வீட்டார் வந்து, "பையன் என்ன ஆராய்ச்சி பண்றாருங்க?" என்று கேட்பார்கள். இவர் வெள்ளந்தியாக, "எறும்புங்க" என்பார். "ஓ... பூச்சி மருந்து கம்பெனிங்களா?" என்று அவர்கள் முகம் வாடும். அப்புறம் ஜாதகம் பொருந்தாது.

போன மாசி மாதம் அவன் போன் பண்ணினான். "மாமா, ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ஏற்காடு வாங்க. ஃப்ரெண்டோட காபி எஸ்டேட்ல ரூம் இருக்கு. தீசிஸ் எழுதணும், தனியா இருந்தா தூங்கிடுவேன்."

எனக்கு லீவு போட ஆபீஸ் கிடையாது, பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவன். கிளம்பிவிட்டேன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அதில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள், எத்தனையாவது வளைவில் வாந்தி எடுத்தோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியாக. ஞாயிற்றுக்கிழமை பஸ், நிற்க இடமில்லை. ஐந்தாவது வளைவில் மைத்துனன் பாடத்தை ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, கம்பியில கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு எத்தனை மடங்காகும்?"

"ரெண்டு."

"நாலு. மூணு மடங்கானா ஒன்பது. கூட்டம் ஏற ஏற இடிபாடு அதைவிட வேகமா ஏறும்."

என் மேல் சாய்ந்திருந்தவரைப் பார்த்தபோது அந்த விதி ரொம்ப நியாயமாகத் தெரிந்தது.

"அப்ப கரண்ட்டைக் குறைச்சு அனுப்பறதுதானே?"

"அதைத்தான் செய்யறாங்க. வோல்டேஜை ஏத்தினா கரண்ட் குறையும். போய்ச் சேர வேண்டிய சரக்கு அதேதான்."

இதை என் பாஷையில் நானே மொழிபெயர்த்துக்கொண்டேன். பத்தாயிரம் ரூபாயை ஒற்றை ரூபாய்க் காசாக மூட்டை கட்டித் தூக்கிப் போகலாம். இருபது ஐந்நூறு ரூபாய் நோட்டாகச் சட்டைப் பையிலும் வைத்துப் போகலாம். பணம் ஒன்றுதான், தோள்வலிதான் வேறே. தூரம் போகிற கரண்ட் பெரிய நோட்டாகப் போகிறது. சத்தீஸ்கர் மாநிலத்து ராய்கரிலிருந்து நம் கரூர் பக்கத்துப் புகளூர் வரை 1,765 கிலோமீட்டருக்கு ஒரு லைன் போட்டிருக்கிறார்கள். 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் வரை சுமக்கும். அவ்வளவு தூரத்துக்கு நஷ்டம் ரொம்பக் கம்மி. ஆனால் நம் வீட்டு மிக்ஸிக்குச் சில்லறைதான் வேண்டும், 240 வோல்ட். தெருவுக்குத் தெரு நோட்டை மாற்றிச் சில்லறை விநியோகிக்கும் இடத்தில்தான் காசு சிதறுகிறது. நாட்டின் மின் நஷ்டத்தில் பெரும்பங்கு ராய்கர் லைனில் இல்லை, உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித்தான்.

சாயங்காலம் லேடீஸ் சீட்டுக்குப் போனோம். மலையின் விளிம்பு. கீழே சேலம். இருட்ட இருட்ட விளக்குகள் ஒவ்வொன்றாக முளைத்து, கடைசியில் யாரோ சமவெளியில் சீரகத்தைக் கொட்டி வைத்த மாதிரி மினுங்கியது. பக்கத்தில் புதுத் தம்பதி ஒன்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. மைத்துனன் அந்த அழகைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான். "எத்தனை ஃபீடர், மாமா!"

இவனுக்குப் பெண் கிடைக்காததற்கு எறும்பு மட்டும் காரணமில்லை என்று அப்போது புரிந்தது.

அவன் சொன்னது இது. சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ஃபீடர்கள் மரக்கிளை மாதிரி ஊருக்குள் பிரிந்து போகின்றன. ஒரு கிளையின் நுனியும் அடுத்த கிளையின் நுனியும் சில இடங்களில் சந்திக்கும். அங்கே ஸ்விட்ச் இருக்கும், திறந்தபடி. அதாவது இணைப்பு இல்லாமல். ஒரு பக்கம் கோளாறு வந்தால் அதை மூடி, மறுபக்கத்திலிருந்து கரண்ட் கொடுக்கலாம். ஆனால் சாதாரண நாளில் எந்த வீட்டுக்கும் ஒரு வழியில்தான் கரண்ட் வரவேண்டும். இரண்டு பக்கமும் வந்தால் வளையமாகிவிடும், எங்கே கோளாறு என்று பாதுகாப்புக் கருவிகளுக்கே குழப்பம். ஆகவே ஒன்றை மூடினால் வேறொன்றைத் திறந்தாக வேண்டும்.

எதைத் திறப்பது, எதை மூடுவது? அதைப் பொறுத்து ஒரு கம்பியில் கூட்டம் நெரியும், இன்னொன்று காலியாகக் கிடக்கும். நெரியும் கம்பியில் நாலு மடங்கு, ஒன்பது மடங்குச் சூடு. சரியாகப் பிரித்துவிட்டால் ஒரு பைசா செலவில்லாமல் நஷ்டம் குறையும்.

ஒரு பைசா செலவில்லாமல் என்றதும் என் காமர்ஸ் ரத்தம் துள்ளியது. "அப்ப எல்லா வழியையும் போட்டுப் பார்த்துட்டா முடிஞ்சுபோச்சே!"

அவன் சிரித்தான். 1989ல் மெசுத் பாரன், ஃபெலிக்ஸ் வூ என்ற இருவர், அமெரிக்காவின் பெர்க்லியில், ஒரு மாதிரி ஃபீடரைக் காகிதத்தில் கட்டினார்கள். 33 சந்திப்புகள், 37 ஸ்விட்ச். அதில் ஐந்து எப்போதும் திறந்திருக்க வேண்டும். உலகத்தில் இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்யும் அத்தனை பேருக்கும் இதுதான் ஆனா ஆவன்னா. 37ல் ஐந்தைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி? 4,35,897. அதில் பாதிக்கு மேல் யாரையாவது இருட்டில் தள்ளும், அவற்றைக் கழித்தாலும் ஐம்பதாயிரம் சொச்சம் மிஞ்சும். இதைக் கம்ப்யூட்டர் பார்த்துவிடும், பரவாயில்லை. நிஜ ஊருக்கு வாருங்கள். 200 ஸ்விட்ச், பத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்றால் 224 கோடி கோடி வழிகள். விநாடிக்கு ஆயிரம் பார்த்தாலும் ஏழு லட்சம் வருஷம். அதற்குள் ஊரில் லோடு மாறிவிடும். ஊரே மாறிவிடும்.

"அங்கதான் மாமா எறும்பு வருது."

வந்தது. மறுநாள் காலை, எஸ்டேட் சமையல்கட்டில். ஜன்னலிலிருந்து வெல்ல டப்பா வரை ஒரே வரிசை. எஸ்டேட்டில் அப்போது மிளகு பறிப்பு நேரம். வெளியே சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820 வாக்கில் இந்த மலைக்குக் கொண்டுவந்த காபிச் செடி சுற்றிலும் பச்சையாக நிற்க, நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து எறும்பு பார்த்தோம். சமையல்கார அம்மா எங்களை விநோதமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

பெல்ஜியத்து பிரஸ்ஸல்ஸில் டெனூபூர் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் 1980களின் கடைசியில் ஒரு சோதனை செய்தார்கள். எறும்புப் புற்றுக்கும் தீனிக்கும் நடுவே இரண்டு பாலம், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. முதலில் எறும்புகள் இரண்டிலும் கண்டபடி போயின. கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் குட்டைப் பாலத்துக்கே வந்து சேர்ந்தன. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எறும்பு நடக்கும்போது தரையில் ஒரு வாசனைப் பொருளை விட்டுப் போகும். அடுத்த எறும்பு வாசனை தூக்கலான பக்கம் போகும். குட்டைப் பாலத்தில் போனது சீக்கிரம் திரும்பிவிடுகிறது, ஆகவே அங்கே வாசனை சீக்கிரம் ஏறுகிறது. இன்னும் நாலு பேர் வருகிறார்கள், இன்னும் ஏறுகிறது. மேனேஜர் கிடையாது. மீட்டிங் கிடையாது. வேலை முடிந்துவிட்டது.

1992ல் இத்தாலியின் மிலானில் மார்க்கோ டோரிகோ தன் பிஎச்.டி.யில் இந்த வித்தையைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார். என் மைத்துனனின் எறும்புகளும் அதே வம்சம். கம்ப்யூட்டரில் ஐம்பது எறும்பு விடுவான். ஒவ்வொன்றும் 'இந்த ஐந்து ஸ்விட்ச் திறந்திருக்கட்டும்' என்று ஒரு தீர்ப்பைக் கொண்டுவரும். ஒவ்வொரு தீர்ப்புக்கும் நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போடுவான். நஷ்டம் குறைந்த தீர்ப்பில் இருந்த ஸ்விட்சுகளுக்கு வாசனை கூடும். அடுத்த ஐம்பது எறும்பும் அந்த வாசனையை மோந்து பார்த்துக் கிளம்பும். நூறு சுற்று ஓடினால் நல்ல வழி ஒன்று துலங்கிவிடும்.

"இதுல முக்கியமான விஷயம் வாசனை விடறது இல்ல மாமா, வாசனை ஆவியாகிறது" என்றான். ஒவ்வொரு சுற்றிலும் பழைய வாசனையைக் கொஞ்சம் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆரம்பத்தில் தற்செயலாகக் கிடைத்த சுமாரான வழியிலேயே எல்லா எறும்பும் காலாகாலத்துக்கும் போய்க்கொண்டிருக்கும்.

எனக்கு நான் வேலை பார்த்த ஒரு பழைய ஆபீஸ் ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம். அங்கே வவுச்சரை மூன்று காப்பி எழுதுவோம். மூன்றாவது காப்பி ஒரு கிளைக்குப் போக வேண்டும். அந்தக் கிளையை மூடி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அங்கே மட்டும் வாசனை ஆவியாகவில்லை. உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு வழித்தடம் இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சரி, எறும்பு பலன் தருகிறதா? பாரன்-வூ ஃபீடரில் ஆரம்ப நஷ்டம் 202.7 கிலோவாட். சரியான ஐந்து ஸ்விட்சைத் திறந்தால் 139.5. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயே போச்சு. மிச்சம் 63 கிலோவாட், அதாவது மணிக்கு 63 யூனிட். நான் உடனே கால்குலேட்டரை எடுத்து வருஷத்துக்கு ஐந்தரை லட்சம் யூனிட் என்று கூவினேன்.

"அவசரப்படாதீங்க. இருபத்துநாலு மணி நேரமும் அதே லோடு இருந்தாத்தான் அந்தக் கணக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு யார் மாவு அரைக்கிறாங்க?"

இருந்தாலும் ஒரு பகுதியாவது தேறும். புதுக் கம்பி வாங்காமல், புது மின்நிலையம் கட்டாமல், நிலக்கரி எரிக்காமல்.

எறும்புக்கு இன்னொரு வேலையும் தருகிறார்கள். டிகிரி காபி டம்ளரைப் பாருங்கள். மேலே நுரை. நுரையால் பசி ஆறாது, ஆனால் டம்ளரில் இடம் பிடிக்கும். பம்ப்செட் மோட்டாருக்குத் தண்ணீர் இறைக்க ஒரு பங்கு கரண்ட் போதும், தனக்குள் காந்தத்தை உண்டாக்கிக்கொள்ள இன்னொரு பங்கு நுரைக் கரண்ட்டும் வேண்டும். அது கம்பியில் போவதும் வருவதுமாக இடத்தை அடைத்துச் சூடாக்கும். மோட்டார் பக்கத்திலேயே கெபாசிட்டர் வைத்துவிட்டால் நுரையை அங்கேயே ஆற்றிக்கொள்ளலாம், தூரத்திலிருந்து சுமக்க வேண்டாம். கெபாசிட்டர் காசு, ஆகவே எந்தக் கம்பத்தில், எவ்வளவு பெரியது? அதற்கும் எறும்பு ஓடும்.

இதுவரை சுகமான கதை. சிக்கல் மத்தியானம் வந்தது, காட்டெருமை ரூபத்தில்.

சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு. எஸ்டேட் சாலையில் ஒன்று, கறுப்பு அம்பாசடர் கார் மாதிரி நின்றுகொண்டிருந்தது. நாங்கள் மரியாதையான தூரத்தில் நின்றோம். மைத்துனன் கண்ணில் ஒரு வெறி.

"மாமா, காட்டெருமை அல்காரிதம்!"

"என்னது?"

"கைடு புதுசா ஏதாவது மிருகம் வேணும்ங்கறார். எறும்பு பழசாம். பேப்பர் வராது, பேப்பர் வராட்டி புரமோஷன் வராது."

அவன் விளக்க விளக்க எனக்குத் தலை சுற்றியது. எறும்புக்கு முன்பே 1975ல் ஜான் ஹாலண்ட், பரிணாமத்தைப் பார்த்து ஜெனடிக் அல்காரிதம் எழுதிப் புத்தகம் போட்டுவிட்டார். 1995ல் ஜேம்ஸ் கென்னடி என்ற மனோதத்துவக்காரரும் ரஸ்ஸல் எபர்ஹார்ட் என்ற எலெக்ட்ரிகல் என்ஜினீயரும் பறவைக் கூட்டத்தைப் பிடித்தார்கள். 2005ல் துருக்கியின் கராபோகா தேனீயைக் கொண்டுவந்தார். 2009ல் யாங் என்பவரும் நம் நாட்டு சுவாஷ் தேபும், அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் குயில் ஜாதியைப் பிடித்தார்கள். 2010ல் வௌவால், 2014ல் ஓநாய், 2016ல் திமிங்கிலம். இதற்குள் மின்மினி, அந்துப்பூச்சி எல்லாம் வந்தாயிற்று. மலையடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் கூட இத்தனை கூண்டு இருக்காது. ஒவ்வொரு மிருகமும் முதலில் போய் நிற்கும் இடம் எது தெரியுமோ? அதே 33 சந்திப்பு ஃபீடர். எல்லா மிருகமும் அதே 139.5 கிலோவாட்டைக் கண்டுபிடித்துவிட்டு வாலை ஆட்டும்.

இந்தக் கூத்தை உலகம் கவனிக்காமல் இல்லை. 2015ல் பெல்ஜியத்து கென்னத் சோரென்சென், மிருக வேஷத்தைக் கலைத்தால் உள்ளே புதுச் சரக்கு இல்லை என்று காட்டமாக ஒரு கட்டுரை எழுதினார். சில வருஷம் கழித்து எறும்புக்காரர் டோரிகோவே இரண்டு பேருடன் சேர்ந்து ஓநாய், திமிங்கிலம், மின்மினி, வௌவால் உள்பட ஆறு மிருகங்களைத் தோலுரித்துப் பார்த்து, எல்லாம் பழைய லெட்ஜருக்குப் புது அட்டை என்கிற அர்த்தத்தில் தீர்ப்புச் சொன்னார். இன்னொரு பக்கம் 1997ல் வோல்பர்ட், மக்ரெடி இருவரும் கணிதத்தில் நிரூபித்த ஒரு தேற்றம் இருக்கிறது. உலகத்தில் இருக்கக்கூடிய எல்லாப் பிரச்னைகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எந்த அல்காரிதமும் இன்னொன்றைவிட உசத்தி இல்லை. ஓசியில் சாப்பாடு கிடையாது என்று அதற்குப் பெயர்.

"இவ்வளவும் தெரிஞ்சுமா எருமையைப் பிடிக்கிறே?" என்றேன்.

"எனக்கு முப்பத்திரண்டு வயசாச்சு மாமா" என்றான். அதற்கு மேல் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ராத்திரிக்குள் எருமைக்குச் சமன்பாடு எழுதிவிட்டான். தலைவன் எருமை முன்னால், மந்தை பின்னால், கன்றுகள் நடுவில். அலசிப் பார்த்தால் பறவைக் கூட்டம்தான், கொம்பு முளைத்திருந்தது.

சாப்பிட்டுவிட்டு எஸ்டேட் வாசலில் இருந்த டீக்கடைக்கு நடந்தோம். அங்கே ஒரு பெரியவர், மங்கி குல்லா, சால்வை. ரிடையரான லைன்மேன் என்று கடைக்காரர் அறிமுகப்படுத்தினார். மைத்துனனுக்கு ஒரே சந்தோஷம். ஸ்விட்ச், ஃபீடர், நஷ்டம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னான். பெரியவர் நிதானமாகக் கேட்டார்.

"சரிதான் தம்பி. நாங்களும் செய்யறதுதான். ஒரு பக்கம் லோடு ஏறிப்போச்சுன்னா இந்தப் பக்கம் தள்ளிவிடுவோம். உங்க மெஷின் எத்தனை தடவை மாத்தச் சொல்லும்?"

"லோடு மாற மாற மாத்தலாங்கய்யா. மணிக்கு ஒரு தடவைகூட."

பெரியவர் டீயைக் கீழே வைத்தார்.

"எல்லா இடத்துலயும் கைப்பிடி போட்ட ஸ்விட்ச் இருக்காது, தம்பி. சில இடத்துல ஜம்பரைக் கழட்டி மாட்டணும். மேல ஏறணும். ஏற முன்னால சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி எல்.சி. வாங்கணும், லைனை ஆஃப் பண்ணணும், எர்த் ராடு போடணும். அதுக்கு முன்னால அங்க போய்ச் சேரணும். ஒரு கம்பம் ரோட்டு மேல இருக்கும், ஒண்ணு சரிவுக்குள்ள இருக்கும், முக்கா மணி நேர நடை. பனி இறங்கிட்டா பக்கத்துல நிக்கிற ஆள் தெரியாது."

"காட்டெருமை வேற நிக்குமே" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

"நிக்கும். அது நகர்ற வரைக்கும் நாமளும் நிக்கணும்." சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னோட வேலைக்குச் சேர்ந்தவன் ஒருத்தன் கம்பத்து மேலயே போயிட்டான். லைன் ஆஃப்தான். யாரோ வீட்டு ஜெனரேட்டர்லேருந்து கரண்ட் திரும்பி லைனுக்கு வந்துடுச்சு. எர்த் ராடு போடறதுக்குள்ள கையை வெச்சுட்டான். உங்க எறும்பு எத்தனை தடவை வேணும்னாலும் நடக்கும், தம்பி. அதுக்குக் கால் வலிக்காது."

அவர் காசு கொடுக்கப் போக, மைத்துனன் தடுத்து மூன்று டீக்கும் கொடுத்தான். திரும்பி வரும்போது ஒன்றும் பேசவில்லை. காலடியில் சில்வர் ஓக் சருகு நொறுங்கும் சத்தம் மட்டும்.

விடிகாலையில் எழுந்து பார்த்தால் லாப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். எருமை ஃபைலைக் காணோம். எறும்பு திரும்பியிருந்தது, ஆனால் கணக்கில் ஒரு புது வரி. ஒவ்வொரு ஸ்விட்ச் மாற்றத்துக்கும் ஒரு விலை போட்டிருந்தான். கண்ட்ரோல் ரூமிலிருந்தே பட்டனைத் தட்டி இயக்கும் ஸ்விட்ச், பெரிய நகரங்களில் வந்திருக்கிறதே, அதற்குக் கொஞ்ச விலை. தரையில் நின்று கைப்பிடியைச் சுழற்றுவதற்கு அதைவிட அதிகம். கம்பத்தில் ஏறி ஜம்பர் மாற்றுவதற்கு ரொம்ப அதிகம். சரிவு, மழைக்காலம், ராத்திரி என்றால் எறும்பு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத அளவுக்கு.

"புதுசா கண்டுபிடிச்சிட்டியா?" என்றேன்.

"இல்ல மாமா. எத்தனை தடவை ஸ்விட்ச் மாத்தறோம்னு கணக்குல சேர்க்கறதை நிறையப் பேர் பண்ணியிருக்காங்க. மணிக்கு ஒரு தடவை வேண்டாம், சீசனுக்கு ஒரு தடவை போதும்னு சொன்னவங்களும் உண்டு. நானும் படிச்சிருக்கேன். படிச்சப்ப அது வெறும் நம்பரா இருந்துச்சு."

விடை வந்தது. நஷ்டம் குறைந்திருந்தது, ஆனால் முழுசாகக் குறையவில்லை. ஆகக் குறைந்த நஷ்டம் தரும் வழிக்கு நாலு கம்பம் ஏற வேண்டும், இந்த வழிக்கு ஒரு கைப்பிடி சுழற்றினால் போதும். நடுவில் இருந்த வித்தியாசம் கொஞ்சம் கிலோவாட்.

"கைடு கேட்பார் மாமா. இதைவிடக் குறைஞ்ச நஷ்டம் இருக்கிறப்ப எதுக்கு இதை எடுத்தேன்னு. என்ன சொல்றது?"

முப்பது மணி நேரமாக அவன் எனக்குப் பாடம் எடுத்திருந்தான். என் முறை வந்தது.

"நார்மல் லாஸ்னு சொல்லு. தெரிஞ்சே ஏத்துக்கிற நஷ்டம். ஆள் கம்பத்துலேருந்து விழுந்தா அது அப்நார்மல். அதை மிச்சச் சரக்கு விலையில ஏத்த முடியாது."

சிரிக்காமல் அதை அப்படியே ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டான். கைடு ஒத்துக்கொண்டாரா என்றால், இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார். ஆனால் வெளியிலிருந்து வரும் பரீட்சகர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவராக இருந்தால் தேவலை என்று பையன் வேண்டிக்கொண்டிருக்கிறான். நானும்தான்.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டிலோ, கடையிலோ, ஆபீஸிலோ ஜெனரேட்டர் இருந்தால், அதற்கும் ஈ.பி. லைனுக்கும் நடுவே சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டை லைனிலிருந்து துண்டித்து வைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால், ஊரே இருட்டாக இருக்கும்போது உங்கள் கரண்ட் பின்வழியாகக் கிளம்பி, டிரான்ஸ்ஃபார்மரில் ஏறிப் பல ஆயிரம் வோல்ட்டாகி, செத்த கம்பி என்று நம்பிக் கை வைத்திருப்பவரிடம் போய்ச் சேரும்.

இதற்கு எறும்பும் வேண்டாம், பிஎச்.டி.யும் வேண்டாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.